வளையம் முதலில், வியாபாரி பிறகு

ஐதராபாத் பாலாநகரில் உட்கார்ந்துகொண்டு கடலில் முக்குளிப்பதைப் பற்றி எழுதினால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். இது லேத் பட்டறைகளும் டூல் ரூம்களும் நிறைந்த தொழிற்பேட்டை. இங்கிருந்து அலையைப் பார்க்க வேண்டுமென்றால் மசூலிப்பட்டினம் பக்கம் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ஆனால் இந்தியக் கடல் தொடர்பான பல காரியங்கள் இந்த ஊரைச் சுற்றித்தான் நடக்கின்றன. இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் பாலாநகரிலேயே இருக்கிறது. எந்தக் கடற்பரப்பில் மீன் கிடைக்க வாய்ப்பு அதிகம் என்று கரையோர மக்களுக்குத் தகவல் அனுப்பும் கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ், பக்கத்துப் பிரகதி நகரில் இருக்கிறது. மீன்வளத் திட்டங்களுக்குப் பணம் பிரித்துக் கொடுக்கும் தேசிய மீன்வள மேம்பாட்டு வாரியமும் இதே நகரில், மீன் வடிவத்தில் கட்டிய கட்டடத்தில்தான் இயங்குகிறது. அதனால் கடல் முள்ளெலியைப் பற்றி இங்கிருந்து பேசுவது அவ்வளவு பொருத்தமில்லாத காரியம் இல்லை. கடலில் இன்னும் தொடாத வளம் என்ன மிச்சம் இருக்கிறது என்று பட்டியல் போடும்போதெல்லாம் இந்த முள் உருண்டையும் இடம்பிடிக்கிறது. ஜப்பான்காரர்கள் நல்ல விலை கொடுக்கிறார்கள், நம் கடலில் சும்மா கிடக்கிறது, எடுத்து விற்றால் என்ன என்பதுதான் வாதம். எடுக்கலாம் என்றுதான் நானும் சொல்கிறேன். ஆனால் முதல் பெட்டி ஏற்றுமதியாகும் முன்பே, எவ்வளவு பெரியதை எடுக்கலாம், யார் எடுக்கலாம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் முக்குளிப்பவர் கையில் இருந்தாக வேண்டும். சந்தை வந்த பிறகு விதி எழுதலாம் என்று நினைத்த எந்த ஊரும் இதில் தப்பியதில்லை.

முதலில் பண்டம் என்னவென்று பார்த்துவிடலாம். கடல் முள்ளெலி, நட்சத்திர மீனுக்கும் கடல் அட்டைக்கும் உறவுக்கார உயிர். மேலெல்லாம் முள், உள்ளே சுண்ணாம்பு ஓடு, வாய் அடிப்பக்கம். அந்த வாயில் ஐந்து பற்கள் கூம்பாகச் சேர்ந்திருக்கும். பாறையில் படிந்த பாசியையும் கடற்புல்லையும் அவற்றால் சுரண்டித் தின்னும். வாயைச் சுற்றிக் கத்தியால் வட்டமாக வெட்டி, ஓட்டுக்குள் இருக்கும் நீரையும் கருத்த குடலையும் கொட்டிவிட்டால், உட்சுவரில் ஒட்டியபடி ஐந்து நாக்குகள் தெரியும். மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறம், விரலால் அழுத்தினால் குழையும் பதம். சாப்பிடுவது அதைத்தான். ஆணும் பெண்ணும் ஒன்றுபோலவே விலைபோகும், ஏனென்றால் அந்த நாக்குகள் இனப்பெருக்க உறுப்புகள். வசதிக்காக இங்கே சினை என்றே சொல்கிறேன். மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் பல வகை முள்ளெலிகள் இருக்கின்றன. கடற்புல் மேட்டில் சால்மாசிஸ் வகை. பாறை இடுக்கில் ஸ்டோமோப்நியூஸ்டஸ். நீள முள் கொண்ட கறுத்த டயடெமா. உலகச் சந்தையில் பெயர் பெற்ற ட்ரிப்நியூஸ்டஸ் கிராட்டில்லாவும் இந்தியக் கடலில் உண்டு. நம் கரையில் இவற்றைச் சமைப்பவர்கள் அரிது. நண்டு வலையில் சிக்கினால் வலையைக் கெடுக்கும் சனியன் என்று உடைத்துப் போடுவதுதான் வழக்கம்.

இந்த உயிருக்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. என் வாதமே அவற்றின் மேல்தான் நிற்கிறது. முதலாவது, சினை எப்போது நன்றாக இருக்கும் என்பது. முட்டையும் விந்தும் கடலில் கொட்டிய பிறகு அந்த நாக்குகள் சுருங்கி நீர்த்துப் போகும். அப்போது யாரும் வாங்க மாட்டார்கள். சினை திரண்டு, இனப்பெருக்கத்துக்குச் சற்று முந்தைய நிலையில் இருக்கும்போதுதான் ருசியும் விலையும். ஆக, அது அடுத்த தலைமுறையைக் கடலுக்குக் கொடுக்கத் தயாராகும் நேரம் பார்த்துத்தான் வியாபாரம் கையை நீட்டுகிறது. மீன்பிடியில் இனப்பெருக்கக் காலத்தில் தடை போடுகிறோம்; இங்கே அந்தக் காலத்தை ஒட்டியே அறுவடை. இரண்டாவது பலவீனம், கருவுறுதல் உடலுக்கு வெளியே, தண்ணீரில் நடக்கிறது. ஆணும் பெண்ணும் அருகருகே இருந்தால்தான் விந்து முட்டையைச் சேரும். தூரம் கூடக்கூட அது தண்ணீரில் கரைந்து வீணாகும். மீனுக்கு நீந்திப் போய்க் கூட்டம் சேரும் வழி இருக்கிறது. முள்ளெலி கிடந்த இடத்திலிருந்து அதிக தூரம் நகராது. அதனால் ஒரு மேட்டில் பாதியை எடுத்துவிட்டுப் பாதியை ஆங்காங்கே சிதறலாக விட்டால், மிச்சமிருக்கும் பாதி கணக்கில்தான் இருக்கும்; குஞ்சுக்கு உதவாது. எண்ணிக்கையோடு நெருக்கமும் காப்பாற்றப்பட வேண்டும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை, நடந்து முடிந்த கதை. பிலிப்பைன்ஸின் பொலினாவோ கரையில் மீனவர்கள் நாம் மேலே பார்த்த அதே ட்ரிப்நியூஸ்டஸ் கிராட்டில்லாவைக் கடற்புல் மேடுகளிலிருந்து எடுத்து, சினையைப் பிரித்து ஜப்பானுக்கு அனுப்பினார்கள். ஆழம் குறைந்த இடம், பெரிய படகு தேவையில்லை, வீட்டிலேயே பெண்கள் சினை எடுக்கும் வேலை; ஏழைக் கரைக்கு ஏற்ற தொழில் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். 1992-இல் அந்தத் தொழில் படுத்தது. பிறகு பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் நிறுவனம் குஞ்சு பொரிக்கவைத்து, மீனவர்களோடு சேர்ந்து கூண்டுகளில் வளர்த்து, கடலில் விட்டுத்தான் கூட்டத்தை மீட்கும் வேலையைத் தொடங்க வேண்டியிருந்தது. ஏழை நாடு, அதனால்தான் என்று சொல்லிவிடவும் முடியாது. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் 1980-களின் கடைசியில் இதே ஜப்பான் தேவையால் முக்குளிப்பு சூடுபிடித்தது. 1993-இல் பிடிப்பு சுமார் 18,000 டன்னைத் தொட்டது. புதிய உரிமங்களை நிறுத்தும் விதி வந்தது 1994-இல். உச்சத்துக்கு ஒரு வருடம் பிந்தி! 2010 வாக்கில் பிடிப்பு அந்த உச்சத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. இத்தாலியில் புலியா மாகாணம் 2023-இல் மூன்று ஆண்டுகளுக்கு முள்ளெலி எடுப்பதையே நிறுத்திச் சட்டம் போட்டது. பணமும் விஞ்ஞானிகளும் கடலோரக் காவலும் உள்ள இடங்களிலும் விதி தாமதமாகவே வந்திருக்கிறது.

தொலைவில் ஏன் போக வேண்டும், நம் கரையிலேயே பாடம் இருக்கிறது. கடல் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். வேகவைத்து உலர்த்தி சீனச் சந்தைக்கு அனுப்பும் தொழில் ராமநாதபுரம் கரையில் பல நூற்றாண்டு பழசு. சிறியவற்றையும் விடாமல் எடுக்கிறார்கள் என்று கவலை வந்தபோது, 1982-இல் மத்திய அரசு ஒரு அளவு விதி கொண்டுவந்தது: பதப்படுத்திய அட்டை மூன்று அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் ஏற்றுமதி கூடாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அளவுகோல் எங்கே இருந்தது என்று கவனியுங்கள். கடலிலிருந்து எடுத்து, குடலை நீக்கி, வேகவைத்து, மண்ணில் புதைத்து, தோலைச் சுரண்டி, காயவைத்து முடித்த பிறகு அளக்கிறார்கள். அப்போது அது மூன்று அங்குலத்துக்குக் குறைவு என்று தெரிந்து என்ன பயன்? செத்த உயிரைத் திரும்பக் கடலில் விட முடியாது. கள்ள வழியில் விற்கத்தான் முடியும். 2001-இல் எல்லாக் கடல் அட்டைகளையும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்தார்கள். புலிக்கு உள்ள பாதுகாப்பு அட்டைக்கும் வந்தது. நேற்றுவரை தொழில், இன்று முதல் குற்றம். நீரிணைக்கு அந்தப் பக்கம் இலங்கையில் உரிமம் வாங்கி எடுக்கலாம். இந்தப் பக்கம் எடுத்தால் சிறை. கடத்தல் ஏன் நிற்கவில்லை என்று தனியாக ஆராய வேண்டியதில்லை. இதில் வேதனையான விஷயம் ஒன்று உண்டு. தூத்துக்குடியிலிருந்த மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் 1988-இலேயே கடல் அட்டையைச் செயற்கையாகக் குஞ்சு பொரிக்கவைத்துக் காட்டிவிட்டது. அறிவியல் கையில் இருந்தது. கரையில் யாருக்கு என்ன உரிமை என்ற ஏற்பாடு இல்லாததால் அந்த அறிவியல் தொழிலாக மாறவே இல்லை.

இதே கடலில் இன்னொரு தொழில் வேறு மாதிரி நடந்திருக்கிறது. சங்குகுளி. தூத்துக்குடி, கீழக்கரை, ராமேசுவரம் பக்கத்தில் மூச்சடக்கி இறங்கிச் சங்கு எடுப்பவர்களுக்கு ஒரு பழைய விதி தெரியும்: இரண்டேகால் அங்குல விட்டத்துக்குக் குறைந்த சங்கை உயிரோடு கடலுக்கே திருப்பிவிட வேண்டும். மீன்வள ஆய்வாளர் ஜேம்ஸ் ஹார்னெல் சங்கைப் பற்றி 1914-இல் எழுதிய காலத்திலேயே இது நடைமுறை. சங்கு கனத்த ஓட்டுக்குள் இருப்பதால் அளந்து பார்க்கும்வரை செத்துப்போகாது. தண்ணீரில் போட்டால் பிழைத்துக்கொள்ளும். அட்டைக்கும் சங்குக்கும் சட்டத்தின் எண்ணம் ஒன்றுதான், சின்னதை விட்டுவிடு என்பதுதான். ஒன்றில் அளவுகோல் ஏற்றுமதிக் கிடங்கில் இருந்தது, மற்றொன்றில் பிடித்தவர் கைக்கெட்டும் தூரத்தில், உயிர் போகும் முன் இருந்தது. முள்ளெலிக்கு இந்த இரண்டாவது வழி அழகாகப் பொருந்தும். அதன் ஓடு உருண்டை, அளவு மாறாது, உயிரோடு கைக்கு வரும். இடுப்பில் கட்டிய கயிற்றில் ஒரு வளையம் தொங்கினால் போதும். வளையத்துக்குள் நுழைந்தால் விட்டுவிடு, நுழையாததை மட்டும் பையில் போடு. தண்ணீருக்குள்ளேயே முடிந்துவிடும் சோதனை இது. இதற்கு ஆய்வாளர் வேண்டாம், ஆய்வகம் வேண்டாம்.

வளையம் இருந்தால் மட்டும் போதாது, அதை மதிக்கக் காரணம் இருக்க வேண்டும். நான் விட்டுவைத்த சின்னதை அடுத்தவன் எடுத்துக்கொண்டு போவான் என்றால் எவரும் விட்டுவைக்க மாட்டார்கள். அதனால்தான் யார் எடுக்கலாம் என்ற கேள்வி வருகிறது. தென்கொரியாவின் ஜேஜு தீவில் ஹேன்யோ எனப்படும் பெண்கள் இன்றும் காற்று உருளை இல்லாமல் மூச்சடக்கி இறங்கி முள்ளெலியும் செவிச்சிப்பியும் எடுக்கிறார்கள்; அந்தக் கலாசாரத்தை யுனெஸ்கோ 2016-இல் தன் பட்டியலில் சேர்த்தது. அங்கே ஒவ்வொரு ஊருக்கும் ஒரு மீனவர் சங்கம், அந்தச் சங்கத்துக்கு என்று ஒரு கடல் பகுதி, எப்போது திறப்பது எப்போது மூடுவது என்று சங்கமே சொல்லும். காற்று உருளைக்குத் தடை இருப்பதால், ஒருவர் எடுக்கும் அளவுக்கு அவருடைய மூச்சே வரம்பு. நம் பக்கத்தில் இதற்குச் சமமானவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். பாம்பன் சின்னப்பாலத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பாருங்கள். பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணிச் சுற்று, கண்ணுக்குக் கண்ணாடி, புடவைக்கு மேல் சட்டை, இடுப்பில் வலைப்பை. மாதத்துக்குப் பன்னிரண்டு நாள் மட்டுமே எடுப்பது என்று தங்களுக்குள் வரம்பு போட்டுக்கொண்டவர்கள். அவர்களின் கூட்டமைப்புக்குத் தலைமை தாங்கிய லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்கான சீகாலஜி விருது கிடைத்தது. முள்ளெலி மேயும் கடற்புல் மேடுகளையும் பாறைகளையும் அவர்களைவிட நெருக்கமாக அறிந்தவர்கள் வேறு யார்?

இப்போது எதிர்வாதங்களுக்கு வருவோம். முதலில் எழுவது, ஏற்கெனவே நண்டு வலையில் சிக்கிச் சாகும் முள்ளெலியைத்தானே கேட்கிறோம், அதை விற்பதில் என்ன கெடுதல் என்ற கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் இரண்டு விஷயங்களை யோசிக்க வேண்டும். முள்ளெலி செத்த சில மணி நேரத்தில் சினை குழைந்து கசந்துவிடும். உயர்ந்த விலை உயிரோடு வந்து சேர்வதற்குத்தான். வலையில் நசுங்கியது அந்தச் சந்தைக்குப் போகாது. மேலும், விலை கிடைத்துவிட்டால் தற்செயலாகச் சிக்கியது என்பது அதே நிலையில் நிற்காது. விசைப்படகுகள் கழிவு மீன் என்று கடலில் தள்ளியதற்கு மீன்தூள் ஆலைகள் விலை வைத்த பிறகு என்ன ஆயிற்று? அதைக் கரைக்குக் கொண்டுவருவதும் வருமானத்தில் ஒரு பங்காகிவிட்டது. குஞ்சு மீன் பிடிபடுகிறது என்று அழுவது தனிக் கதை. வலையில் சிக்கியதை விற்பதைத் தடுக்கச் சொல்லவில்லை. அதையே வாசலாக வைத்துக்கொண்டு வளையமில்லாத வியாபாரம் உள்ளே வரக் கூடாது என்கிறேன்.

அடுத்தது இதைவிடக் கனமான எதிர்வாதம். பாலாநகரில் சம்பளம் வாங்கிக்கொண்டு, கரையில் இருக்கும் ஏழைக்கு அளவு, வரம்பு, காலம் என்று பாடம் எடுப்பது சுலபம். விதி என்று ஒன்று வந்தாலே அடி வாங்குவது சின்னப் படகுக்காரர்தான், கம்பெனிக்காரர் இல்லை. இதில் பெரும்பகுதி உண்மை. கடல் அட்டைத் தடையில் அப்படித்தான் நடந்தது. மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா எல்லைக்குள் பாசி எடுக்கப் போன பெண்கள் அதிகாரிகளிடம் பட்ட பாடும் அதுதான். ஆனால் அந்த அநியாயம் எங்கிருந்து வந்தது? கரைக்காரருக்கு உரிமையே எழுதிக் கொடுக்காமல், வளம் தேய்ந்த பிறகு மொத்தமாகப் பூட்டுப் போட்டதிலிருந்து வந்தது. உரிமையை முதலிலேயே அவர்கள் பெயரில் எழுதிவிட்டால், விதி அவர்களுக்குக் காவலாகும். எழுதாமல் சந்தையைத் திறந்தால் நடப்பதும் நமக்குத் தெரியும். முன்பணம் கொடுக்கும் வியாபாரி வருவார், கடனுக்குக் கட்டுப்பட்டு அவர் சொன்ன விலைக்குக் கொடுக்க வேண்டும். மேட்டில் சரக்கு குறையும்போது ஆழத்துக்கு இறங்கச் சொல்வார்கள், காற்று தரும் கம்ப்ரசர் குழாயை வாயில் கடித்துக்கொண்டு இறங்குவார்கள். சங்கு முக்குளிப்பில் நுழைந்த அந்தக் குழாய் வேகமாக மேலே வருபவரின் ரத்தத்தில் காற்றுக் குமிழியை உண்டாக்கும். மூட்டு வலியில் தொடங்கி இடுப்புக்குக் கீழ் செயலிழப்பு வரை போகும், உயிரையும் வாங்கும். கம்ப்ரசருக்குத் தடை என்ற ஒரே விதி, முள்ளெலியையும் மனிதரையும் சேர்த்தே காப்பாற்றும்.

மூன்றாவது எதிர்வாதம் அறிவியல் பேசும். முள்ளெலி பெருகினால் கடல் தாவரங்களைத் தின்று தீர்த்துவிடும், எடுப்பதுதான் கடலுக்கு நல்லது என்பார்கள். கலிபோர்னியாவின் வடக்குக் கரையில் அது நடந்தது உண்மை. முள்ளெலியைத் தின்னும் நட்சத்திர மீன்கள் 2013 முதல் நோயால் மடிந்தன, கடல் சூடானது, ஊதா முள்ளெலிகள் பெருகிக் கெல்ப் எனப்படும் பெரும்பாசிக் காட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அழிந்தது. ஆனால் அங்கே மீந்த முள்ளெலிகளை யாரும் வாங்கவில்லை, ஏனென்றால் தின்ன எதுவும் இல்லாமல் அவற்றின் உள்ளே சினையே இல்லை. சந்தை கேட்பது நன்றாக மேய்ந்து கொழுத்ததை. தொல்லையாகப் பெருகியது பட்டினியில் கிடப்பது. ஆகவே வியாபாரம் தொல்லையை நீக்கும் என்று நம்ப முடியாது. மன்னார் வளைகுடாவில் நிலைமை தலைகீழாகவும் இருக்கலாம். மண்டபம் பக்கத்தில் வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாபைகஸ் பாசி குருசடைத் தீவுப் பவளப்பாறைகளின் மேல் படர்ந்துவிட்டதை 2008-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். இதே குடும்பப் பாசி ஹவாயின் கனியோஹே விரிகுடாவில் பவளத்தை மூடியபோது, அங்கே அரசு செய்தது என்ன தெரியுமா? பாறைகளைச் சுத்தம் செய்துவிட்டு, பொரிப்பகத்தில் வளர்த்த ட்ரிப்நியூஸ்டஸ் கிராட்டில்லாவை 2011 முதல் கடலில் கொண்டுவந்து விட்டது. பாசியை மேய்வதற்கு! கரீபியக் கடலில் 1983-84-இல் ஒரு நோய் டயடெமா முள்ளெலிகளில் பெரும்பகுதியைக் கொன்ற பிறகு ஜமைக்காவின் பவளப்பாறைகளைப் பாசி மூடியதும் இதே பாடம்தான். உயிரோடு மேயும் முள்ளெலி செய்யும் வேலைக்கு ரசீது வருவதில்லை என்பதற்காக அது இலவசம் ஆகிவிடாது.

கடைசியாக, நம் நாட்டில் எந்த விதியை யார் மதிக்கிறார்கள் என்ற அலுப்பு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கின்றன. மீறல் உண்டு, ஆனாலும் அந்தத் தடைக்காலம் ஆண்டுதோறும் நடக்கிறது. தெளிவான, எளிதில் பார்க்கக்கூடிய விதியைக் கரை ஏற்றுக்கொள்ளும் என்பதற்கு அது சாட்சி. சிக்கலான ஒதுக்கீட்டுக் கணக்கு வைத்தால்தான் ஓட்டை விழும். கண்காணிப்புக்குத் தொழில்நுட்பம் இருக்கிறதே என்றும் சிலர் சொல்லக்கூடும். எங்கள் தெருவுக்குப் பக்கத்து அலுவலகங்கள் செயற்கைக்கோள் படத்திலிருந்து கடலின் பச்சையத்தையும் வெப்பத்தையும் கணித்து மீன் கூடும் இடத்தைச் சொல்லிவிடும். ஒரு கடற்புல் மேட்டில் எத்தனை முள்ளெலி, எவ்வளவு நெருக்கம் என்று சொல்லாது. அதை ஒரு கயிறு கட்டிச் சதுரம் போட்டு, இறங்கி எண்ணத்தான் வேண்டும். எண்ணத் தெரிந்தவர்கள் கரையில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கூலி கொடுத்து எண்ணவைக்கும் பணம்தான் இந்த நகரத்திலிருந்து போக வேண்டும்.

எனவே என் முடிவு இது. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள 560 சதுர கிலோமீட்டரை இந்தப் பேச்சிலிருந்து முழுவதும் விலக்கிவிட வேண்டும். அதற்கு வெளியே, ஒன்றிரண்டு மேடுகளில், பாசி எடுக்கும் பெண்களின் சங்கத்துக்கும் சங்குகுளி சங்கத்துக்கும் மட்டும் உரிமை எழுதிக் கொடுத்துச் சிறிதாகத் தொடங்கலாம். மூச்சடக்கி இறங்குவது மட்டும், கையில் வளையம், ஒவ்வொரு மேட்டிலும் கை வைக்கவே கூடாத ஒரு நெருக்கமான கூட்டம், சினை கொட்டி முடிக்கும்வரை மூடியிருக்கும் இன்னொரு மேடு. ஏற்றுமதியாளர் அந்தச் சங்கங்களிடம் ஏலத்தில் வாங்கட்டும், தனி ஆளுக்கு முன்பணம் கொடுக்கக் கூடாது. சில வருடம் எண்ணிப் பார்த்துவிட்டு விரிப்பதா நிறுத்துவதா என்று அவர்களே முடிவெடுக்கட்டும். 2001-இன் அந்த வன உயிரினப் பாதுகாப்புப் பட்டியலில் கடல் அட்டை இருந்தது, முள்ளெலி இல்லை; அதாவது விதியை நிதானமாக எழுத நமக்கு இன்னும் நேரம் இருக்கிறது. மீன்வளத் துறையிலோ வாரியத்திலோ ஏற்றுமதி நிறுவனத்திலோ இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், புதிய வளம் என்ற தலைப்பில் அடுத்த திட்ட அறிக்கை எழுதும்போது விலைப் பட்டியலுக்கு முன்னால் உரிமைப் பட்டியலை வையுங்கள். அதில் முதல் பெயர் தண்ணீரில் இறங்குபவருடையதாக இருக்கட்டும்.